உழுதவர் நினைவிடத்துப் புல்வெளி

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)

 

நிலமும் நினைவும் பற்றிப் பேசுமாறு செயலாளர் என்னைப் பணித்தார். நிலத்தை முதற்பொருளாக வைத்துக் கவிதை வளர்த்த மொழி நம்முடையது. ஆகவே இந்தப் பொருளில் இந்த அவையில் பேச வருவோர்க்குச் சொற்பஞ்சம் இராது. ஆனால் அந்த வளமே சில வேளைகளில் நம்மை ஏமாற்றியும் விடுகிறது. 'இழந்ததை மீட்போம்' என்னும் முழக்கத்தைக் கவியரங்குகளில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம், கைதட்டியும் இருக்கிறோம். இழந்த ஒன்றை மீட்பதற்கு உண்மையில் என்ன செய்ய வேண்டும்? எவ்வளவு காலம் ஆகும்? எது திரும்பி வரும், எது வாராது? இக்கேள்விகளுக்குச் செயலால் விடை தேடி எண்பது ஆண்டுகளுக்கு மேலாக உழைப்புப் பெற்றுவரும் ஒரு சிறு நிலத்தைப் பற்றி இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அந்நிலம் தமிழ் வழங்கும் எல்லைகளுக்கு மிகத் தொலைவில் உள்ளது. எனினும் அது சொல்லும் செய்தி கவிஞர்களுக்கு உரியது என்பது என் துணிபு.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நடுப்பகுதியில் நெப்ராஸ்கா என்னும் மாநிலம் இருக்கிறது. அதன் தென்கிழக்கில் பியாட்ரிஸ் என்னும் சிறு நகரம். அந்நகருக்கு மேற்கே சுமார் நான்கு மைல் தொலைவில், ஏறத்தாழ 200 ஏக்கர் பரப்பில் ஒரு தேசிய நினைவிடம் அமைந்துள்ளது. 'ஹோம்ஸ்டெட் தேசிய நினைவுச்சின்னம்' என்று நெடுங்காலம் வழங்கிய அதன் பெயர் 2021-ஆம் ஆண்டில் 'ஹோம்ஸ்டெட் தேசிய வரலாற்றுப் பூங்கா' என மாற்றப்பட்டது. அதன் பரப்பில் ஏறத்தாழப் பாதி, அதாவது சுமார் 100 ஏக்கர், ஆளுயரப் புல் அடர்ந்த வெளி. அவ்வழியே செல்லும் ஒருவர் அதைக் கண்டால் மனிதர் கைபடாத பழம்புல்வெளி என்றே எண்ணுவார். ஆனால் அங்கே நிற்கும் புல் மனிதர் விதைத்த புல். ஒருகாலத்தில் உழுது அழிக்கப்பட்டுப் பின்னர் அதே மண்ணில் மீண்டும் நடப்பட்ட புல்.

பிரெய்ரி என்ற சொல்லைப் பள்ளிப் புவியியல் நூல்களில் நாம் படித்திருக்கிறோம். அது பிரெஞ்சுச் சொல். புல்தரை என்பது பொருள். ஐரோப்பியர் முதலில் வந்தபோது அந்த நிலத்துக்கு ஏற்ற சொல் அவர்களிடம் இல்லை. தம் ஊரின் மேய்ச்சல் தரையைக் குறித்த சொல்லையே ஒரு கடலளவு நிலத்துக்குச் சூட்டினார்கள். வட அமெரிக்காவின் நடுவே உயர்புல் பிரெய்ரி மட்டும் ஏறத்தாழ 17 கோடி ஏக்கர் பரவியிருந்தது. இன்று அதில் எஞ்சியிருப்பது நூற்றுக்கு நான்கு பங்குக்கும் குறைவு. எஞ்சியதிலும் பெரும்பகுதி கான்சாஸ் மாநிலத்தின் கல்மிகுந்த குன்றுகளில் உள்ளது; அங்கே ஏர் இறங்காததால் புல் பிழைத்தது. ஐயோவா மாநிலத்திலோ பழைய புல்வெளியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட மிச்சமில்லை.

அந்தப் புல்லின் இயல்பைச் சிறிது அறிந்தால்தான் இழப்பின் அளவு விளங்கும். அங்கே தலைமைப் புல் 'பெரிய புளூஸ்டெம்'. ஆறடி முதல் எட்டடி வரை உயரும். அதன் கதிர் மூன்றாகப் பிரிந்து நிற்பதால் 'வான்கோழிக்கால்' என்றும் மக்கள் அதனை அழைப்பார்கள். அதனோடு இந்தியன் கிராஸ், ஸ்விட்ச் கிராஸ், சிறிய புளூஸ்டெம் முதலியன வளரும். புற்களுக்கிடையே பருவந்தோறும் வெவ்வேறு பூச்செடிகள் மலரும். ஆயினும் கண்ணுக்குத் தெரியும் இந்தப் பசுமை பிரெய்ரியின் சிறுபகுதியே. பெரும்பகுதி மண்ணுக்குள் இருக்கிறது. நெப்ராஸ்காப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜான் வீவர் என்னும் தாவரவியலறிஞர் புல்வெளிகளில் ஆழமான குழிகளை வெட்டி, வேர்களை நுணுக்கமாகப் பிரித்தெடுத்து, ஒவ்வொன்றையும் வரைந்து வைத்தார். வேர்களைப் பற்றிய அவருடைய நூல் 1919-இல் வெளிவந்தது. ஆளுயரப் புல்லின் வேர் ஆளுயரத்தையும் கடந்து கீழே செல்வதை அவர் வரைபடங்கள் உலகுக்குக் காட்டின. ஆண்டுதோறும் அவ்வேர்களில் ஒரு பகுதி மடிந்து மட்கி, ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் உருவானதே அந்நாட்டின் புகழ்பெற்ற கரிய மண். கோதுமையும் சோளமும் விளைவித்த செல்வம் அந்தப் புல் சேர்த்துவைத்த செல்வமே.

இனி அந்தச் செல்வத்தின் மேல் ஏர் ஏறிய வரலாற்றுக்கு வருவோம்.

1862-ஆம் ஆண்டு மே 20-ஆம் நாள், உள்நாட்டுப் போரின் நடுவே, குடியரசுத் தலைவர் ஆபிரகாம் லிங்கன் ஹோம்ஸ்டெட் சட்டத்தில் கையெழுத்திட்டார். இருபத்தொரு வயது நிரம்பியவர், அல்லது குடும்பத் தலைமை ஏற்றவர், 160 ஏக்கர் அரசு நிலத்தைக் கோரலாம். ஐந்தாண்டுகள் அங்கே குடியிருந்து, வீடு கட்டி, பயிர் செய்தால், சிறு பதிவுக்கட்டணம் தவிர வேறு விலையின்றி நிலம் அவருக்கே சொந்தம். மணமாகாத பெண்ணும், கைம்பெண்ணும் கோரலாம். குடியுரிமை பெற விரும்புவதாக அறிவித்த அயல்நாட்டாரும் கோரலாம். விடுதலை பெற்ற கறுப்பின மக்களும் பின்னர் இச்சட்டத்தால் நிலம் பெற்றனர். பெருநிலக்கிழார் ஆண்ட ஐரோப்பிய ஊர்களில் ஒரு சாண் நிலமும் இன்றி வாழ்ந்தவர்களுக்கு இது எத்தகைய அழைப்பாக ஒலித்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

சட்டம் நடைமுறைக்கு வந்த நாள் 1863 ஜனவரி 1. அன்று நள்ளிரவு கழிந்ததும் நெப்ராஸ்காவின் பிரௌன்வில் நில அலுவலகத்தில் டேனியல் ஃப்ரீமன் என்பவர் தம் கோரிக்கையைப் பதிவு செய்தார் என்பது மரபாக வழங்கும் கதை. அதே நாளில் வேறு சிலரும் பதிந்தனர். எனினும் 'முதல் குடியேறி' என்னும் பெயர் அவருக்கே நிலைத்தது. கப் கிரீக் என்னும் ஓடை பாயும் நிலத்தை அவர் தேர்ந்தார். அதே நிலத்தில் உழைத்து, 1908-இல் மறைந்து, அங்கேயே அடக்கமானார். நான் குறிப்பிட்ட நினைவிடம் அவருடைய அந்த நிலந்தான்.

அச்சட்டம் 1976 வரை நடைமுறையில் இருந்தது; அலாஸ்காவில் மட்டும் 1986 வரை நீடித்தது. அதற்குள் முப்பது மாநிலங்களில் ஏறத்தாழ 27 கோடி ஏக்கர் நிலம், நாட்டின் பரப்பில் பத்தில் ஒரு பங்கு, தனியார் கைக்கு மாறியது. 16 லட்சம் பேர் உரிமைப் பத்திரம் பெற்றனர். ஆனால் கோரியவர்களில் நூற்றுக்கு நாற்பது பேர் அளவினரே ஐந்தாண்டுகளைத் தாக்குப்பிடித்துப் பத்திரம் பெற்றார்கள். வறட்சியும், வெட்டுக்கிளியும், பனிப்புயலும், தனிமையும் மற்றவர்களைத் திருப்பி அனுப்பின.

அந்தக் குடியேறிகளின் உழைப்பை நான் சிறிதும் குறைத்துப் பேச மாட்டேன். மரமில்லாத வெளியில் வீடு கட்ட மரம் ஏது? புல்வேர் இறுகிய மண்ணையே ஏரால் பாளம் பாளமாக அறுத்தெடுத்து, செங்கல்லைப் போல அடுக்கிச் சுவர் எழுப்பினார்கள். அந்த மண்பாளத்துக்கு அவர்கள் இட்ட பட்டப்பெயர் 'நெப்ராஸ்காச் சலவைக்கல்'. வறுமையிலும் நகைக்கத் தெரிந்த மக்கள்! ஓடைக்கரையில் மரம் கிடைத்தவர்கள் மரவீடு கட்டினர். 1867-இல் அவ்வட்டாரத்தில் கட்டப்பெற்று, பின்னர் நினைவிடத்துக்குக் கொண்டுவரப்பட்ட ஒரு மரவீட்டின் அளவு பதினான்கடிக்குப் பதினாறடி. ஒரு பெரிய குடும்பம் அதற்குள் வாழ்ந்தது.

மரக்கலப்பையும் வார்ப்பிரும்புக் கலப்பையும் அந்த ஒட்டும் கரிமண்ணில் திணறின. இலினாய் மாநிலத்துக் கொல்லரான ஜான் டியர் 1837-இல் செய்த எஃகுக் கொழு அதனை மாற்றியது. 'லெட்பிளான்ட்' என்னும் செடியின் நீண்ட உறுதியான வேர்களைக் குடியேறிகள் 'பிரெய்ரிச் செருப்புவார்' என்று அழைத்தார்கள். கொழுமுனையில் சிக்கி ஏரை இழுத்துப் பிடித்தவை அத்தகைய வேர்கள். இரண்டு மூன்று தலைமுறைக்குள் அவ்வேர்கள் யாவும் அறுபட்டன.

அறுபட்டவை வேர்கள் மட்டுமல்ல. அந்த நிலம் வெற்று நிலமாக இருந்ததில்லை. ஓட்டோ-மிசூரியா எனப்படும் பழங்குடியினர் அவ்வட்டாரத்தில் வாழ்ந்தவர்கள். நெப்ராஸ்கா என்னும் பெயரே அவர்கள் மொழியில் 'தட்டையான நீர்' என்று பொருள்படும் சொல்லிலிருந்து பிறந்தது. ஆழமின்றி அகன்று பாயும் பிளாட் ஆற்றுக்கு அவர்கள் இட்ட பெயர் அது. குடியேற்றம் பெருகப் பெருக அவர்கள் பியாட்ரிஸுக்குத் தெற்கே பிக் புளூ ஆற்றங்கரையில் ஓர் ஒதுக்கு நிலத்துக்குள் சுருக்கப்பட்டனர். 1881-இல் அதனையும் விட்டு, இன்று ஓக்லஹோமா எனப்படும் பகுதிக்குப் பெயர்ந்து சென்றனர். ஹோம்ஸ்டெட் சட்டம் அயல்நாட்டாருக்குக் கதவைத் திறந்தது. அம்மண்ணின் மூத்த குடிகள் அனைவருக்கும் குடியுரிமை வழங்கும் சட்டமோ 1924-இல்தான் வந்தது. கோடிக்கணக்கில் திரிந்த காட்டெருமைகள் 1880-களின் முடிவில் காட்டில் சில நூறுகளாகக் குறைந்தன. ஊர்ப்பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு ஊராரை அனுப்பிவிட்டார்கள். பெயர்களைக் கையாளும் தொழிலுடைய நாம் இதனை மறக்கலாகாது.

1930-களில் மண் பேசத் தொடங்கியது. தொடர் வறட்சியில், வேர்ப்பிடி இழந்த சமவெளி மண் புழுதிப் புயலாக எழுந்தது. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்தால் பாலையாகும் என்று நம் முன்னோர் கண்டனர். பாலைக்கெனத் தனி நிலம் இல்லை, கெட்ட நிலமே பாலை என்பது அதன் கருத்து. அக்கருத்துக்கு அயல்மண்ணில் கிடைத்த சான்று போல இருந்தது அந்தப் பத்தாண்டு. அக்காலத்தில் ஜான் வீவர் புல்வெளிகளைச் சுற்றிச் சுற்றி ஆராய்ந்தார். 1934-இன் கொடும் வறட்சியில் சில புல்வகைகள் பெருமளவில் மடிவதையும், ஆழவேர் கொண்டவை தாக்குப்பிடிப்பதையும், மேற்கின் குறும்புற்கள் கிழக்கு நோக்கி இடம்பெயர்வதையும் பதிவு செய்தார்.

அதே பத்தாண்டில், 1936-இல், ஃப்ரீமனின் நிலத்தைத் தேசிய நினைவிடமாக்கும் சட்டம் நிறைவேறியது. அரசு அந்நிலத்தைக் கையேற்றபோது அது பல பத்தாண்டுகள் உழுது உழுது மண்ணரிப்பால் நலிந்த வயலாக இருந்தது. உழுதவர்களின் புகழுக்காக எழும் நினைவிடத்தில் என்ன செய்வது? வயலையே காட்சிப்பொருளாக வைத்திருக்கலாம். பூங்காப் பணியினர் வேறு வழியைத் தேர்ந்தனர். ஃப்ரீமன் முதன்முதலாகக் கண்ட நிலம் எப்படி இருந்தது என்பதை வருவோர் காண வேண்டும். அரிக்கும் மண்ணையும் நிறுத்த வேண்டும். இவ்விரு நோக்கங்களுடன் 1939-இல் அந்த வயலில் பிரெய்ரிப் புல்லை மீண்டும் வளர்க்கத் தொடங்கினார்கள். அந்நாட்டுத் தேசியப் பூங்காக்களுள் இத்தகைய மீட்புப் பணி தொடங்கப்பெற்ற முதல் இடம் இதுவே. நாடு முழுமையிலும் இதற்கு முந்தியது விஸ்கான்சின் பல்கலைக்கழகத் தாவரப் பூங்காவில் சில ஆண்டுகள் முன் தொடங்கிய பணி ஒன்றுதான்.

இதன் முரணைச் சற்றே எண்ணிப் பாருங்கள். புல்லை அழித்தவரின் நினைவைப் போற்ற, அவர் அழித்த புல்லையே மீண்டும் விதைக்க வேண்டியதாயிற்று. உழவரின் பெருமையைச் சொல்ல, ஏரை நிறுத்த வேண்டியதாயிற்று. எதை வென்றார்கள் என்று காட்டாமல் வெற்றியைக் காட்ட இயலாது. காட்டத் தொடங்கினால், வென்றதன் அருமையும் உடன் வெளிப்பட்டுவிடும். நேர்மையான நினைவுச்சின்னங்கள் எல்லாவற்றுக்கும் இந்த இக்கட்டு உண்டு.

புல்லை விதைப்பது எளிதென்று நினைப்போம். அது எளிதாக இல்லை. முதலில் விதை வேண்டும். உழுத நாட்டில் பழம்புல்லின் விதை எங்கே கிடைக்கும்? அமெரிக்க நடுநிலம் முழுவதிலும் இக்கேள்விக்கு ஒரே வகையான விடைதான் வந்தது: இருப்புப் பாதையின் ஓரங்கள், வைக்கோலுக்காக அறுக்கப்பட்டாலும் உழப்படாத சில துண்டு நிலங்கள், பழைய கல்லறைத் தோட்டங்கள். இறந்தோரின் நிலத்தை எவரும் உழுவதில்லை ஆதலால் கல்லறைகளுக்கிடையே புல் பிழைத்திருந்தது. 1949-இல் வெளிவந்த ஆல்டோ லியோபால்டின் கட்டுரைத் தொகுதியில் இதனைப் பற்றி ஓர் அருமையான கட்டுரை உண்டு. விஸ்கான்சினில் ஒரு கிராமக் கல்லறையின் மூலையில், வேலிக்குள், கையகல நிலத்தில் பழம்பிரெய்ரிச் செடி ஒன்று ஆண்டுதோறும் ஜூலையில் பூக்கிறது. நெடுஞ்சாலைப் பணியாளர் வேலியை அகற்றிச் செடியை அறுத்துவிடுகிறார்கள். சாலையில் விரைந்த எவரும் அதனைக் கவனித்ததில்லை. பெயரறியாத ஒன்றின் மறைவுக்கு யார் வருந்துவார் என்பதே கட்டுரையின் உட்கருத்து. புல்லைப் பற்றி எழுதப்பட்டதாயினும் மொழியைப் பற்றி எழுதியது போலவே எனக்குப் படுகிறது.

விதை முளைத்தபின் அடுத்த பணி தீ. ஆம், தீதான். பிரெய்ரி நெருப்பால் வாழும் நிலம். மின்னலும் பழங்குடிகள் திட்டமிட்டு வைத்த தீயும் அதனை மீண்டும் மீண்டும் எரித்து வந்தன. புல்லின் வளர்முனை மண்ணுக்கடியில் காக்கப்படுவதால் எரிந்தாலும் அது துளிர்க்கும். புதராய் மண்டும் மரஞ்செடிகளுக்கோ வளர்முனை வெளியே இருப்பதால் அவை கருகிவிடும். குடியேறிகள் தம் வீட்டையும் விளைச்சலையும் காக்க நெருப்பை அணைத்தார்கள், அது இயல்பே. ஆனால் நெருப்பு நின்ற புல்வெளியில் சிவப்பு செடார் மரமும் சுமாக் புதரும் நுழைந்தன. யூரேசியாவிலிருந்து தீவனத்துக்காகக் கொண்டுவந்த புரோம் புல்லும் பரவியது. 1940-களில் விஸ்கான்சினில் ஜான் கர்ட்டிஸ் நடத்திய சோதனைகள், தீயில்லாமல் பிரெய்ரி மீளாது என்பதை மெய்ப்பித்தன. ஹோம்ஸ்டெட்டிலும் பிற்காலத்தில் திட்டமிட்ட தீ முறையாக இடம்பெற்றது. வேனில் தொடக்கத்தில் அயல்புல் துளிர்த்துவிடும். பிரெய்ரிப் புல் வெப்பம் ஏறும்வரை உறங்கும். அந்த இடைவெளியில் வைக்கப்படும் தீ ஒன்றைச் சுட்டு மற்றொன்றுக்கு வழிவிடுகிறது. கருகிய தரை வெயிலில் விரைவில் சூடேறி உறங்கும் புல்லை எழுப்புகிறது. எரிப்பது காப்பதற்கே என்பதை மக்களுக்கு விளக்குவது அங்கே இன்றளவும் ஒரு பணி.

இங்கே ஒரு செய்தியை அழுத்திச் சொல்ல வேண்டும். இப்பணிக்கு முடிவு கிடையாது. நட்டோம், வளர்ந்தது, இனி அது தானே வாழும் என்று விட்டுவிட முடியாது. தீயும் களையெடுப்பும் நின்றால் சில பத்தாண்டுகளில் அது புதர்க்காடாகிவிடும். 1939-இல் விதைத்தவர்கள் இன்று இல்லை. அவர்களுக்குப் பின் வந்தவர்கள், அவர்களுக்கும் பின் வந்தவர்கள் என்று தலைமுறை மாறி உழைத்ததால்தான் புல் நிற்கிறது. மீட்பு என்பது ஒரு விழாவில் தொடங்கி மறுவிழாவில் முடியும் காரியமாக எங்குமே இருந்ததில்லை.

ஹோம்ஸ்டெட் வேறொரு சிக்கலையும் நமக்குக் காட்டுகிறது. அந்நிலத்தின் தெற்கெல்லையில் 'ஓசேஜ் ஆரஞ்சு' என்னும் முள்மரங்களின் நீண்ட வேலி இருக்கிறது. முள்கம்பி வருமுன் கால்நடையைத் தடுக்க நெருக்கமாக நட்டு வளர்க்கப்பட்ட உயிர்வேலி அது. அம்மரம் டெக்சஸ் பக்கத்து மரம். நெப்ராஸ்கா மண்ணுக்கு உரியதன்று. இயற்கையை மீட்போர் கணக்கில் அது அயலான், அகற்றத்தக்கது. வரலாற்றைக் காப்போர் கணக்கில் அது குடியேறிகளின் கைவேலை, காக்கத்தக்கது. இரண்டு கணக்கும் சரியே. அந்த வேலி இன்றும் காக்கப்படுகிறது. ஓடைக்கரையில் பர் ஓக் மரங்கள் நிறைந்த பழங்காடு. மேட்டில் விதைத்த புல்வெளி. எல்லையில் அயல்மர வேலி. மூன்றும் வெவ்வேறு காலத்தின் குரல்கள். ஒன்றைக் காக்க மற்றொன்றின் வாயை அடைக்காதிருப்பது பெரிய கலை. புல்வெளியை நோக்கி மேட்டில் எழுப்பி 2007-இல் திறக்கப்பட்ட நினைவு மையத்தின் கூரையோ, மண்ணைக் கீறிச் செல்லும் கலப்பையின் வடிவில் அமைக்கப்பட்டிருக்கிறது. கலப்பையும் புல்லும் அங்கே எதிரெதிரே நிற்கின்றன. தீர்ப்பை வருவோரிடமே விட்டிருக்கிறார்கள்.

இதே முரணை இலக்கியத்தில் உணர்ந்தவர் வில்லா கேதர். ஒன்பது வயதில், 1883-இல், குடும்பத்துடன் நெப்ராஸ்காவுக்கு வந்தவர். 1918-இல் வெளியான 'மை ஆன்டோனியா' நாவலில் குடியேறிகளின் வீரத்தை உளமாரப் பாடியவர். மறையும் சூரிய வட்டத்துக்குள் ஒரு கலப்பை பேருருக் கொண்டு தெரியும் காட்சி அந்நாவலில் உண்டு. மறுகணம் சூரியன் இறங்க, கலப்பை சிறுத்து இருளில் கரைகிறது. அதே நாவலில் உயிர்நீத்த ஒரு குடியேறியின் கல்லறை நாற்சந்தியில் இருக்கிறது. பின்னர் வந்த சாலைகள் அதன்மேல் ஏறாமல் ஒதுங்கி வளைந்து செல்கின்றன. சுற்றிலும் நாடெல்லாம் வயலான பிறகும் அந்தக் கல்லறையைச் சூழ்ந்து மட்டும் பழைய செம்புல் அசைகிறது. கலப்பையைப் போற்றிய அதே கை, புல்லுக்கு ஓர் இடத்தை ஒதுக்கி வைத்தது. அவர் வளர்ந்த ரெட் கிளவுட் ஊருக்குத் தெற்கே 600 ஏக்கருக்கு மேற்பட்ட உழாத புல்வெளி ஒன்று 1974 முதல் அவர் பெயரால் காக்கப்பட்டு வருகிறது. எழுத்தாளருக்குச் சிலைகளும் மண்டபங்களும் எழுவதை நாம் அறிவோம். உழாத நிலமே நினைவுச்சின்னமாவது எத்தனை எழுத்தாளருக்கு வாய்க்கும்?

அன்பர்களே, இனி என் கேள்விக்குத் திரும்புகிறேன். ஹோம்ஸ்டெட்டில் எது மீண்டது? நம் இலக்கண மரபின்படி பார்த்தால், முதற்பொருள் அங்கேதான் இருந்தது. நிலமும் பொழுதும் எங்கும் செல்லவில்லை. மேல்மண் மட்டும் சிறிது மெலிந்தது. கருப்பொருளில் ஒரு பகுதி மீண்டது. புல் மீண்டது, அதனை நாடிப் பறவையும் வண்ணத்துப்பூச்சியும் வந்தன. ஆனால் மீட்டெடுத்த புல்வெளிகளில் பொதுவாகப் புல் எளிதில் மேலோங்கும், பூச்செடிகள் பின்தங்கும். உழாத வெளியில் காணும் செடிவகைகளின் எண்ணிக்கையை அவை எட்டுவது அரிது. மண்ணின் கரிய வளம் மீளப் பல தலைமுறைகள் வேண்டும். காட்டெருமை உலவ அந்தச் சிறுநிலம் போதாது. உரிப்பொருளோ மீளவில்லை. அந்தப் புல்லின் நடுவே வாழ்ந்து, அதற்குப் பெயரிட்டு, தீ வைத்து, பாடிய மக்கள் ஓக்லஹோமாவில் இருக்கிறார்கள். அவர்கள் மொழியைத் தாய்மொழியாகப் பேசி வளர்ந்த தலைமுறை இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் ஏறத்தாழ மறைந்துவிட்டது. இன்று அவர்களுடைய மக்கள் பழைய ஒலிப்பதிவுகளையும் ஏடுகளையும் கொண்டு அம்மொழியை மீண்டும் கற்க முயல்கிறார்கள். கல்லறை மூலையில் விதை தேடிய வேலைக்கும் இந்த வேலைக்கும் பெரிய வேறுபாடு இல்லை.

அப்படியானால் நூறு ஏக்கர் புல்லை விதைத்தது வீண்வேலையா? ஒருபோதும் இல்லை. நமக்கு நன்கு தெரிந்த ஒரு செய்தியால் இதனை விளக்கலாம். 1894-இல் உ. வே. சாமிநாதையர் புறநானூற்றைப் பதிப்பித்தபோது 267, 268-ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. வேறு பல பாடல்களில் அடிகள் சிதைந்திருந்தன. செய்யுள் இயற்றும் ஆற்றல் அவருக்குக் குறைவா? ஆனால் சிதைந்த இடத்தில் அவர் தம் சொல்லை இட்டு நிரப்பவில்லை. இல்லாததை இல்லையென்றே அச்சிட்டார். அந்த வெற்றிடத்தால் நூலின் மதிப்புக் குறையவில்லை. எஞ்சியவற்றின் மேல் நம் நம்பிக்கை வளர்ந்தது. மீட்டெடுத்த புல்வெளியும் ஒரு பதிப்பே. கிடைத்த விதைகளைக் கொண்டு அமைத்த பதிப்பு. இது விதைத்த புல், இங்கே முன்பு வயல் இருந்தது, அதற்கு முன்பு வேறொரு மக்கள் இருந்தனர் என்று வெளிப்படையாகச் சொல்லும்வரை அது நேர்மையான பதிப்பு. 'இதோ பழைய பிரெய்ரி, அப்படியே மீண்டுவிட்டது' என்று சொல்லும் நாளில் அது பொய்யாகிவிடும். மீட்பின் முதற்பயன், இழப்பின் அளவை அறிவதுதான். நூறு ஏக்கரை மீட்க எண்பது ஆண்டு உழைத்தவர்களுக்கே, 17 கோடி ஏக்கரை இழந்ததன் பொருள் முழுதாக விளங்கும்.

கவிஞர் பெருமக்களே! இழந்ததைப் பற்றி நாம் எழுதும்போது இரண்டு பழக்கங்களைக் கைக்கொள்வோம். ஒன்று, இழந்தவற்றின் பெயர்களைத் தேடி அறிவது. 'புல்' என்று பொதுவாக எழுதாமல், எந்தப் புல், எந்த மாதத்தில் பூப்பது, யார் அதற்குப் பெயரிட்டார் என்று கேட்பது. மற்றொன்று, மீளாதவற்றின் இடத்தை அழகிய சொற்களால் மூடாமல் வெற்றிடமாகவே விட்டுவைப்பது. அந்த வெற்றிடம் படிப்பவனைத் தேடத் தூண்டும். நிரப்பப்பட்ட இடமோ அவனை உறங்கவைக்கும்.

பத்தாண்டு என்பது ஓர் இலக்கிய வட்டத்துக்குச் சிறிய காலமன்று. ஆயினும் ஒரு புல்வெளியின் கணக்கில் அது வேர்பிடிக்கும் பருவமே. விதைத்தவர்கள் இந்த மேடையில் அமர்ந்திருக்கிறார்கள். ஆண்டுதோறும் களையெடுக்கவும், வேண்டிய பருவத்தில் கண்டனம் என்னும் தீயை அஞ்சாமல் மூட்டவும் அடுத்த வரிசையில் இளையோர் இருக்கிறார்கள். அவர்கள் கையில் இப்பணியை ஒப்படைக்கும் மனம் மூத்தோர்க்கும், ஏற்கும் பொறுமை இளையோர்க்கும் வாய்க்க வேண்டும் என விழைகிறேன்.